இரவில் சார்ஜ் ஏறும் வண்டி

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோரின் வண்டிகள் இராஜகிரியின் அடிவாரத்தில் வெயிலில் நெடுநேரம் நிற்கின்றன. அவற்றினிடையே மின்சார ஸ்கூட்டர்களையும் இப்போது காண்கிறோம். ஓசையில்லை, புகையில்லை, செலவும் குறைவு. நம் குடும்பங்கள் அவற்றை விரும்புவதில் வியப்பில்லை. ஆனால் மாலையில் வீடு திரும்பிய வண்டிக்கு எங்கே சார்ஜ் ஏற்றுகிறோம் என்பதே கேள்வி.

2022 மார்ச் இறுதியில் வேலூர் சின்ன அல்லாபுரத்து வீடொன்றில், இரவில் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த புதிய மின்சார ஸ்கூட்டர் தீப்பற்றியது. தந்தையும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத் திணறி மாண்டனர்.

லித்தியம் அயனி பாட்டரியினுள் இரு மின்முனைகளை ஒரு மெல்லிய தாள் பிரித்து வைக்கிறது. சுற்றிலும் எளிதில் தீப்பற்றும் திரவம். அடிபட்டோ, மிகையாகச் சூடேறியோ அத்தாள் சிதைந்தால், ஒரு சிற்றறையின் வெப்பம் அடுத்த அறையைப் பற்றவைக்கும். நொடிகளில் நச்சுப்புகை வீட்டை நிறைக்கும். நம் கைப்பேசியில் இருப்பதும் இதே இனந்தான். அதைத் தலையணைக்கடியில் வைத்துச் சார்ஜ் ஏற்றும் பிள்ளைகளை என்னென்பது!

அவ்வாண்டு விபத்துகளுக்குப்பின் நடுவண் அரசு பாட்டரிச் சோதனை விதிகளைக் கடுமையாக்கி, 2022 டிசம்பர் 1 முதலும் 2023 மார்ச் 31 முதலும் இரு கட்டங்களாக நடைமுறைப்படுத்தியது. நன்றே. எனினும் வீட்டின் ஒரே வாசலை அடைத்து, மாடிப்படியின் கீழ் வண்டியை நிறுத்தும் வழக்கத்தை எந்த விதியும் மாற்றாது. காற்றோட்டமுள்ள வெளித்தாழ்வாரத்தில், வீட்டார் விழித்திருக்கும் வேளையில் சார்ஜ் ஏற்றுவோம். செஞ்சி வெயிலில் காய்ந்துவந்த வண்டியை முதலில் ஆறவிடுவோம். உடன் வந்த சார்ஜரையன்றி வேறெதையும் பயன்படுத்தலாகாது.

தீப்பற்றினால் பொருள்களை எடுக்க நிற்கவேண்டாம். அனைவரும் வெளியேறி, கதவைச் சாத்திவிட்டு, 101 எண்ணுக்குச் சொல்லுவோம். அணைந்ததுபோல் தோன்றும் பாட்டரி மீண்டும் எரியக்கூடும். தீப்புண்ணின்மேல் ஓடும் குழாய்நீரை இருபது நிமிடம் விடவேண்டும். பற்பசை, மை, மாவு எதையும் பூசாமல் மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். பாட்டி சொன்ன கைவைத்தியத்துக்கு இங்கே இடமில்லை.

உப்பிப்போன பாட்டரியைக் குத்திப்பார்ப்பதும் குப்பையில் எறிவதும் கூடா. பழைய பாட்டரிகளைத் திரும்பப் பெறுவது தயாரிப்பாளரின் பொறுப்பென்று 2022ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. ஆகவே விற்ற கடையிலேயே கேட்டு ஒப்படைக்கலாம். அதுவரை அதைப் பிள்ளைகள் கைக்கெட்டாதபடி, வீட்டிற்கு வெளியே, எரியும் பொருளெதுவும் அருகிலின்றி வைத்திருப்போம்.