293318625600 (எண்)

293318625600 (29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600) என்பது ஓர் உயர் பகு எண் ஆகும். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் விட அதிக வகுஎண்களைக் கொண்ட நேர் முழு எண் உயர் பகு எண் எனப்படும். எடுத்துக்காட்டாக, 12-க்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுஎண்கள் உள்ளன. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் நான்குக்கு மேல் இல்லை.

பண்புகள்

இவ்வெண்ணின் பகாக் காரணிப்படுத்தல்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வோர் அடுக்குடனும் 1-ஐக் கூட்டிப் பெருக்கினால் வகுஎண்களின் எண்ணிக்கை கிடைக்கும்:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040

இந்த 5040-உம் ஓர் உயர் பகு எண்ணே. பகா எண்கள் 2 முதல் இடைவிடாமல் வருவதும், அவற்றின் அடுக்குகள் எங்கும் ஏறாமல் இருப்பதும் எல்லா உயர் பகு எண்களுக்கும் பொதுவான பண்புகள். 4, 36 ஆகிய இரண்டைத் தவிர மற்றவற்றில் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு 1 ஆகவே இருக்கும்.

இராமானுசனின் பட்டியல்

சிறுவயதில் சில காலம் காஞ்சிபுரத்தில் பள்ளியில் பயின்ற கணிதவியலாளர் சீனிவாச இராமானுசன், கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1915-இல் உயர் பகு எண்களைப் பற்றிய நீண்ட ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். அதில் 6746328388800 வரையிலான 102 எண்களைப் பட்டியலிட்டார். ஆனால் 293318625600 அப்பட்டியலில் விடுபட்டுவிட்டது. பட்டியலின் கடைசி எண் இதன் சரியாக 23 மடங்கு என்பது குறிப்பிடத்தக்கது. கணினி இல்லாத காலத்தில் கையால் கணக்கிட்ட பட்டியலில் நேர்ந்த இவ்விடுபடல், கட்டுரையில் நிறுவப்பட்ட தேற்றங்களைப் பாதிக்கவில்லை. இந்த ஆய்வுக்காக 1916-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் அவருக்கு இளங்கலைப் பட்டம் வழங்கியது.