பாட்டுப் பெட்டி வாங்கப் போறீங்களா?

தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் டவுனுக்குப் போகிற பிள்ளைகள் முதலில் எட்டிப் பார்ப்பது போன் கடையைத்தான். "போன்லயே பாட்டு இருக்கே, தனியா ஒண்ணு எதுக்கு?" என்று வீட்டில் பெரியவங்க கேட்பாங்க. நியாயமான கேள்விதான். ஆனால் வீட்டுக்கே ஒரு போன், அதிலேதான் பிள்ளையின் பாடமும் வரவேண்டும் என்றால், பாட்டுக்கு மட்டும் ஒரு சின்ன எம்பி3 பெட்டி இருப்பது உதவி. டேட்டா காசும் மிச்சம்.

"ஐபொட்" என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்காதீங்க. 2001இல் வந்த அந்தப் பெட்டியை அப்பிள் கம்பனி 2022இல் நிறுத்திவிட்டது. இப்போது புதுசு என்று தருவது பழைய சரக்காக இருக்கும், இல்லாவிட்டால் போலி. பட்டன் வைத்த, மெமரி சிப் போடக்கூடிய சாதாரணப் பெட்டி போதும்.

பெரிய ஏமாற்று நடப்பது சிப்பில்தான். ஒரு பாட்டு ஏறக்குறைய 5 எம்பி. 8 ஜிபி சிப்பில் சுமார் 1,500 பாட்டு ஏறும். அப்படியிருக்க 256 ஜிபி எதற்கு? அதுவும் அடிமட்ட விலைக்கு? உள்ளே கொஞ்ச இடத்தை வைத்துக்கொண்டு, பெரிய கணக்கைக் காட்டும்படி மாற்றிய சிப்கள் நிறைய விற்கின்றன. பாட்டு ஏறினது போலவே காட்டும், போட்டால் பாடாது. நானும் ஏமாந்தவன்தான். தங்கச்சி கலியாணப் படங்களை அப்படியொரு சிப்பில் போட்டு வைத்தேன். பாதிப் படம் திறக்கவே இல்லை. ஆகவே வாங்கின அன்றே சிப்பை நிரப்பி, முதலில் ஏற்றினதையும் கடைசியில் ஏற்றினதையும் போட்டுப் பாருங்க. பல சின்னப் பெட்டிகள் 32 ஜிபிக்கு மேற்பட்ட சிப்பை ஏற்காது, அதையும் கேட்டுக்கொள்ளுங்க.

பில் கேட்கக் கூச்சம் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும்.

ரேடியோவும் கேட்க நினைத்தால் வயர் உள்ள இயர்போன் வாங்குங்க. அந்த வயர்தான் ஏரியல். சத்தத்தை முழுசாகக் கூட்டாதீங்க. 80 டெசிபல் சத்தத்தை வாரத்துக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். போன காது திரும்பி வராது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லவேண்டும். மலையில் கொழுந்து எடுக்கும்போது இயர்போன் வேண்டவே வேண்டாம். "குளவி கலைஞ்சிருச்சு, ஓடுங்க!" என்று பக்கத்து நிரையில் கத்தினால் அது உங்க காதில் விழவேண்டும். பாட்டை லயத்துக்கு வந்து கேட்கலாம்.

சார்ஜ் போட்டபடி தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்க விடாதீங்க, பெட்டரி சூடாகும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி மழை வரும். வானம் கறுக்கும்போதே சார்ஜரைச் சுவரிலிருந்து கழற்றிடுங்க.