வெள்ளி கறுத்தால் பாட்டு மங்கும்

தைப்பிங் வாசகர் ஒருவரின் கடிதம் இது: “எழுபதுகளில் அப்பா வாங்கிய ஸ்டீரியோ ரிசீவர் வீட்டில் இருக்கிறது. ராத்திரியில் சத்தத்தைக் குறைத்து மின்னல் எஃப்எம் கேட்டால், வலது பக்கம் கரகரத்துத் தேய்ந்து அடங்கிவிடுகிறது. வால்யூமைச் சட்டென்று ஏற்றினால் ‘டப்’பென்று திரும்பி வந்து, பிறகு ஒழுங்காகப் பாடுகிறது. கடையில் கேட்டால், வயதாகிவிட்டது, தூக்கிப் போடுங்கள் என்கிறார்கள். போட்டுவிடலாமா?”

போடாதீர்கள் ஐயா. என்ன கோளாறு என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது.

இதே மாதிரி செட் வைத்திருக்கும் மற்றவர்களுக்காக, கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்கும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். செட்டை அணைத்துவிட்டு, அதன் பின்புறம் இடது, வலது ஸ்பீக்கர் கம்பிகளை மாற்றிச் செருகுங்கள். குறை அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் கோளாறு ரிசீவரில். பழைய ஸ்பீக்கரிலேயே நின்றால் அந்த ஸ்பீக்கரில். கூம்பைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் நம் ஊர்ப் புழுக்கத்தில் பிசுபிசுத்து உதிர்ந்துவிடும், அதைப் பாருங்கள். ரேடியோ சரியாகக் கேட்டு, இசைத்தட்டு மட்டும் மங்கினால் அந்த இணைப்பில் குறை. இரண்டு பக்கமும் ஓயாமல் ‘ஊம்’ என்று இரைந்தால், மின்சாரப் பகுதியின் பெரிய கெப்பாசிட்டர்கள் வற்றியிருக்கலாம். வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் திருகுக்குள் அழுக்கு. ஒன்றுமே கேட்கவில்லையா? ‘டேப் மானிட்டர்’ பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கேசட் டெக் இல்லாமல் அதை அழுத்திவிட்டால், நல்ல செட்டும் ஊமையாகிவிடும்.

கடிதத்தில் உள்ள கோளாறு இவற்றில் சேராது. குறைந்த சத்தத்தில் மறைந்து, சத்தம் ஏறியதும் திரும்பி வருகிறது என்றால், ஏதோ ஓர் இடத்தில் உலோகமும் உலோகமும் சரியாகத் தொடவில்லை என்று பொருள். அந்த இடம் பெரும்பாலும் ஸ்பீக்கர் ரிலேயாகத்தான் இருக்கும். செட்டைப் போட்டுச் சில விநாடி கழித்து உள்ளே ‘க்ளிக்’ என்று கேட்கிறதே, அதுதான் அது. ஆம்ப்ளிஃபையர் பழுதாகி நேர்மின்னோட்டம் ஸ்பீக்கருக்குள் பாய்ந்து சுருளை எரித்துவிடாமல் காப்பது அதன் வேலை. ஸ்பீக்கருக்குப் போகும் பாட்டு முழுவதும் மிளகளவு கூட இல்லாத இரண்டு வெள்ளி முனைகள் ஒன்றையொன்று தொடும் இடத்தைக் கடந்துதான் போகிறது.

வெள்ளிக்குப் பகை கந்தகம். காற்றில் கலந்திருக்கும் கந்தக வாயு பட்டு, வெள்ளியின் மேல் கறுப்பாக சில்வர் சல்ஃபைடு படியும். ஈரம் இருந்தால் அது இன்னும் விரைவாகப் படியும். தைப்பிங்கோ தீபகற்ப மலேசியாவிலேயே மழை மிகுந்த ஊர்களில் ஒன்று. ஆண்டுக்கு ஏறக்குறைய 4,000 மில்லிமீட்டர். சென்னைக்கு 1,400 போலத்தான். இன்று மழை எத்தனை மணிக்கு வரும் என்று பந்தயம் கட்டிய ஊர் அது. எங்கள் வீட்டில் பாட்டியின் கொலுசு, அவர் காலில் கிடந்த வரைக்கும் பளிச்சென்று இருந்தது. கழற்றி, ரப்பர் பேண்ட் சுற்றிப் பெட்டியில் வைத்த பிறகு, ரப்பர் பட்ட இடமெல்லாம் கறுத்துப் போனது. ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பதால் வந்த வினை. ரிலேயின் வெள்ளி முனைகளும் இப்படித்தான்: புழங்காமல் கிடந்தால் கறுக்கும்.

சத்தத்தை ஏற்றினால் பாட்டு திரும்புவது ஏன்? எனக்கு அலுக்கவே அலுக்காத விஷயம் இது. 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு வாட் கொடுக்க 2.83 வோல்ட் வேண்டும். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு நாம் கேட்கும் சத்தத்துக்கு ஒரு வாட்டில் நூறில் ஒரு பங்கு போதும், அதற்கு 0.28 வோல்ட்தான் தேவை. மெல்லிய கறுப்புப் படலத்தைத் துளைக்க அந்த 0.28 வோல்ட்டுக்கு வலுவில்லை. கசிந்து வருவதும் கரகரத்துத்தான் வரும். வால்யூமை ஏற்றியதும் மின்னழுத்தம் உயர்ந்து, படலம் ஓரிடத்தில் உடைந்து, அங்கே உலோகம் உலோகத்தைத் தொட்டுவிடுகிறது. அதன் பிறகு சத்தத்தைக் குறைத்தாலும் அந்தப் பாதை கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும்.

வானொலி பிறந்ததே ஏறத்தாழ இந்த வித்தையில்தான். 1890-இல் பிரான்சில் எடுவார் பிரான்லி, கண்ணாடிக் குழாயில் நிரப்பிய உலோகத் தூள் சாதாரணமாக மின்சாரத்தைத் தடுப்பதையும், பக்கத்தில் மின்பொறி தெறித்தால் சட்டென்று கடத்தத் தொடங்குவதையும் கண்டார். தூளின் மேலிருந்த படலம் உடைந்து பாதை திறக்கிறது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். குழாயை ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி அடைத்துக்கொள்ளும். தட்டத் தேவையில்லாதபடி இரும்பையும் பாதரசத்தையும் வைத்து ஒரு கருவி செய்து, 1899-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அறிவித்தவர் கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ். ஆரம்பகால வானொலிக் கருவிகளில் அலைகளைப் பிடித்துக் கொடுத்த அதே குணம், இன்று உங்கள் ரிசீவரில் கோளாறாக வந்து நிற்கிறது.

வைத்தியம் எளிது. ஆனால் மூடியைத் திறக்கும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். வெள்ளைத் தாளை ஒல்லியாக நறுக்கி, கான்டாக்ட் கிளீனரில் நனைத்து, முனைகளுக்கு நடுவில் வைத்து மெல்ல இழுத்தால் கறுப்பு தாளில் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்க விடாதீர்கள். வெள்ளிப் பூச்சே போய்விடும். கீலுக்கும் சைக்கிள் சங்கிலிக்கும் அடிக்கிற எண்ணெய் ஸ்பிரேயும் வேண்டாம். இதற்கெல்லாம் மேல், புது ரிலே போடுவது நிரந்தரத் தீர்வு. பொருத்தமானது கிடைத்தால் செலவு அதிகமில்லை. செட்டுக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்களையெல்லாம் ஒட்டுமொத்தமாக மாற்றுகிறேன் என்று யாராவது சொன்னால், எது கெட்டது என்று அளந்து காட்டச் சொல்லுங்கள்.

எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மராண்ட்ஸ், பயனியர், சான்சுய் என்று அந்தக் காலத்தில் வந்த ரிசீவர்கள், திறந்து பழுதுபார்க்க முடியும்படி செய்யப்பட்டவை. பால்மரம் சீவிச் சேர்த்த காசில் ஆசை ஆசையாய் வாங்கிய குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அப்படிப்பட்ட செட்டுகள் இன்று பாதி குப்பைக்குப் போகின்றன. மீதி கூடத்திலும் கோப்பிக் கடையிலும் அலங்காரமாக உட்கார்ந்திருக்கின்றன. குப்பைக்குப் போனது ஒரேயடியாக அழிகிறது. அலங்காரத்துக்கு வைத்தது உள்ளுக்குள் கறுத்துக் கறுத்து அழிகிறது. இரண்டும் வீண்தான். இந்த இயந்திரங்களைக் கெடுப்பதில் வயதைவிடப் பெரிய பங்கு சும்மா கிடப்பதற்குத்தான்.

ஆகவே, தைப்பிங் வாசகரே, ரிலேயைச் சுத்தம் செய்ததோடு நிறுத்திவிடாதீர்கள். வாரம் ஒரு நாளாவது செட்டைப் பாட விடுங்கள். மாதம் ஒரு முறை, அணைத்து வைத்திருக்கும்போது எல்லாத் திருகுகளையும் பொத்தான்களையும் நாலு தரம் திருப்பி அழுத்துங்கள். உரசும்போது முனைகள் தாமாகவே துலங்கும். சூடு வெளியேற மேலே இடம் விடுங்கள், ஈரச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். பழுதுபார்க்கத் தெரிந்த ஒருவர் உங்கள் வட்டாரத்தில் இன்னும் கடை வைத்திருந்தால், பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். அவரிடம் வேலை போய்க்கொண்டிருந்தால்தான் கடையும் இருக்கும், அந்தக் கைப்பழக்கமும் நிலைக்கும்.