முட்டைக்குள் இருக்கும் சீனா

2024 ஜனவரி. இந்தியப் பிரதமர் லட்சத்தீவு போய் வந்ததைக் கேலி செய்து மாலத்தீவின் துணை அமைச்சர்கள் மூவர் எழுத, அந்நாட்டு அரசே அவர்களை இடைநீக்கம் செய்தது. இங்கே கோபம் அடங்கவில்லை; மாலத்தீவைப் புறக்கணியுங்கள் என்று முழங்கினார்கள். பயண நிறுவனமான ஈஸ் மை ட்ரிப் மாலத்தீவுக்கான விமான முன்பதிவை நிறுத்தியது. 2023-ல் 2 லட்சத்துக்கும் அதிகமான இந்தியர்கள் போன தீவுக்கு 2024-ல் போனவர்கள் சுமார் 1.3 லட்சம். புறக்கணிப்பு பலித்தது என்றே வைத்துக்கொள்வோம்.

அதே ஆண்டு ஏப்ரலில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை போட்டது. 1981 வணிக ஒப்பந்தத்தின்படி அரிசி, வெங்காயம், சர்க்கரையோடு 42.75 கோடி முட்டையும் மாலத்தீவுக்குப் போகலாம். நாமக்கல் வட்டாரத்தின் ஒரு நாள் உற்பத்தியே சுமார் 5 கோடி. எட்டு, ஒன்பது நாள் முட்டைதான். ஆனாலும் உள்ளூர் விலை சரியும் வாரத்தில் ஏற்றுமதி லாரி வந்து நின்றால் அதன் அருமை பண்ணைக்காரருக்குத் தெரியும். மாலத்தீவே வேண்டாம் என்று அவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்!

விற்கும் கதை இது. வாங்கும் கதை இன்னும் சிக்கல்.

2020 ஜூனில் கல்வானில் சீனப் படையுடன் நடந்த மோதலில் ராமநாதபுரத்து ஹவில்தார் பழனி உட்பட 20 வீரர்கள் உயிரிழந்தார்கள். கோபத்தில் இங்கே சிலர் சீன டிவிகளைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். 59 சீனச் செயலிகளுக்குத் தடை வந்தது. ஆனால் நாமக்கல் கோழிப்பண்ணையில் தீவனம் அரைக்கும் கொட்டகைக்குள் நுழைந்தால், மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, கிளிஞ்சல் எல்லாம் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கும். அவற்றோடு டன்னுக்கு ஒன்றிரண்டு கிலோ மெத்தியோனின் என்ற அமினோ அமிலம். அதைவிடக் கொஞ்சமாக வைட்டமின் தூள். அந்தக் கைப்பிடித் தூள் குறைந்தால் முட்டை குறையும், ஓடு மெலியும். உலகின் தீவன வைட்டமினில் பெரும்பங்கு சீனத்துச் சரக்கு. டிவியை உடைக்கலாம், கோழிக்கு எந்த நாட்டுப்பற்றைக் கரைத்து ஊற்றுவது?

புறக்கணிப்பையே நான் பழிக்கவில்லை. இதே நாமக்கல் மண்ணில், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையத்தில், 1925-ல் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கினார். அந்நியத் துணி வேண்டாம் என்றவர்கள் கையோடு ராட்டையையும் கொடுத்தார்கள். நூற்றவருக்குக் கூலியும் கிடைத்தது. இப்போது கைப்பேசியில் முழங்குகிறவர்களிடம் முழக்கம் இருக்கிறது, ராட்டை இல்லை.

2025 ஜூலையில் பிரதமரே மாலத்தீவின் சுதந்திர தின விழாவுக்குச் சிறப்பு விருந்தினராகப் போய் வந்துவிட்டார். தீவன வைட்டமின் இன்னும் பெரும்பாலும் சீனாவிலிருந்துதான் வருகிறது.