ஹைபிரிட் கார்: தொல்லை எது, தேவை எது?

போடிமெட்டிலிருந்து போடிநாயக்கனூரை நோக்கி ஒரு ஹைபிரிட் காரில் இறங்குவதாக எண்ணிக்கொள்ளுங்கள். முதற் சில வளைவுகள் வரை கார் ஓசையின்றி வழுக்கிச் செல்லும். பிறகு திடீரென எஞ்சின் உறுமத் தொடங்கும். ஓட்டுபவரின் கால் ஆக்ஸிலரேட்டரில் இல்லை, பாதையோ இறக்கம். அப்படியிருக்க இந்த இரைச்சல் எதற்கு? பெட்ரோல் வீணாகிறதா? கார் பழுதாகிவிட்டதா?

இக்காலக் கார்களில் நம்மை எரிச்சலூட்டும் அமைப்புகள் பல. அவற்றுள் சில உண்மையிலேயே வேண்டாதவை. வேறு சில, தொல்லை போலத் தோன்றினாலும் நம் உயிரைக் காப்பவை. இரண்டையும் பிரித்தறியப் பள்ளியில் படித்த இயற்பியலே போதும்.

முதலில் ஹைபிரிட் கார் என்றால் என்ன என்று காண்போம். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார் இது. 1997-இல் ஜப்பானில் டொயோட்டா நிறுவனம் வெளியிட்ட பிரியஸ், பெருமளவில் தயாரிக்கப்பட்ட முதல் ஹைபிரிட் கார். இந்தியாவில் 2022-இல் ஹோண்டா சிட்டி, மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர் ஆகியவை இம்முறையில் வந்தன. சாதாரணக் காரில் பிரேக்கை மிதித்தால் இயக்க ஆற்றல் முழுவதும் வெப்பமாகிக் காற்றில் கலந்துவிடும். ஹைபிரிட் காரிலோ அப்போது மின்மோட்டார் டைனமோவாக மாறி, அந்த ஆற்றலில் ஒரு பகுதியை மின்சாரமாக்கி மின்கலத்தில் சேர்க்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழ்வோருக்கு இந்தத் தத்துவம் புதிதன்று. பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாக வந்து, குழாய்களில் இறங்கி, லோயர் கேம்ப் மின்நிலையத்தில் மின்சாரம் தருகிறது. உயரத்திலிருக்கும் பொருளுக்கு நிலையாற்றல் உண்டு. அது இறங்கும்போது அந்த ஆற்றலைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நீருக்குப் பொருந்தும் இந்த விதி காருக்கும் பொருந்தும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. காரும் அதிலுள்ளவர்களும் சேர்ந்து 1,500 கிலோகிராம் என்று கொள்வோம். இறங்கும் உயரம், கணக்கு எளிதாக இருக்க, 1,000 மீட்டர். நிறை, புவியீர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் 1 கோடியே 47 இலட்சம் ஜூல் கிடைக்கும். ஒரு யூனிட் மின்சாரம் 36 இலட்சம் ஜூல். ஆகவே இது 4 யூனிட்டுக்குச் சற்று மேல். இவ்வளவும் வெப்பமானால் 50 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடும். மலையிறங்கும் காரின் பிரேக்குகள் ஏன் தீய்ந்த வாடை வீசுகின்றன என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

இதில் சக்கரங்களின் உருளல் தடையும் காற்றின் தடையும் கால்பங்குக்கு மேல் எடுத்துக்கொள்ளும். மின்சாரமாக மாற்றிச் சேமிப்பதிலும் இழப்பு உண்டு. இவை போக, சேமிக்கக்கூடியது ஏறத்தாழ 2 யூனிட் என்று மதிப்பிடலாம். ஆனால் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் கார்களின் மின்கலத்தின் மொத்தக் கொள்ளளவே 0.76 யூனிட்தான். மின்கலத்தின் ஆயுளைக் காக்க அதை முழுதும் நிரப்புவதுமில்லை, முழுதும் காலி செய்வதுமில்லை. எனவே நடைமுறையில் பயன்படுவது அதில் ஏறத்தாழ பாதி. அப்படியானால் மலையில் ஐந்தில் ஒரு பங்கு இறங்குவதற்குள்ளேயே மின்கலம் நிரம்பிவிடும்! போடிமெட்டுச் சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் 17. மூன்று நான்கு வளைவுகளிலேயே சேமிப்பு முடிந்துவிடுகிறது.

வைகை அணையில் 71 அடி வரை நீரைத் தேக்கலாம். அணை நிரம்பிய பின்னும் வெள்ளம் வந்தால் என்ன செய்வார்கள்? உபரி நீரைத் திறந்துவிடுவார்கள். காரும் அதையே செய்கிறது. சேமிக்க இடமில்லாத மின்சாரத்தைக் கொண்டு எஞ்சினைச் சும்மா சுழற்றுகிறது. அப்போது எஞ்சினுக்குள் பெட்ரோல் செல்வதில்லை. பிஸ்டன்கள் காற்றை இழுத்துத் தள்ளுவதிலும் உராய்விலும் ஆற்றல் செலவாகிறது. பிரேக்குகளின் சுமை குறைகிறது. நாம் கேட்ட உறுமல் இதுதான். டொயோட்டா வகை ஹைபிரிட் கார்கள் பலவற்றின் கியர் நெம்புகோலில் காணப்படும் ‘பி’ என்னும் நிலையும் இதற்காகவே அமைந்தது. சமதரையில் அது வேண்டாதது; மலையிறக்கத்தில் இன்றியமையாதது. ஏறிய கியரிலேயே இறங்கவேண்டும் என்று ஜீப் ஓட்டுநர்கள் சொல்லும் விதிக்கும் இதற்கும் தத்துவம் ஒன்றே.

அடுத்து, கார் நின்றவுடன் எஞ்சின் தானே அணைந்து, புறப்படும்போது தானே உயிர்பெறும் அமைப்பு. நின்றபடி ஓடும் எஞ்சின் மணிக்கு அரை முதல் முக்கால் லிட்டர் பெட்ரோல் வரை குடிக்கும். ரயில்வே கேட்டில் ஐந்து நிமிடம் காத்திருந்தால் சுமார் 50 மில்லிலிட்டர் மிச்சம், நல்லதுதான். ஆனால் தேனி நேரு சிலை சந்திப்பு நெரிசலில் இரண்டு விநாடி நின்று, நான்கு அடி நகர்ந்து, மீண்டும் நிற்கும்போது அணைந்து எழுவதில் இலாபம் எதுவுமில்லை. முழு ஹைபிரிட் காரில் மோட்டாரே காரை நகர்த்துவதால் இந்தத் தொல்லை தெரியாது. குளிர்சாதனமும் மின்சாரத்தில் ஓடும். மென்ஹைபிரிட் எனப்படும் வகையில், எஞ்சின் அணைந்தால் குளிர்சாதனத்தின் கம்ப்ரஸரும் நின்றுபோகும். 2015-இல் மாருதி சியாஸ், எர்டிகா டீசல் கார்கள் இவ்வகையில் வந்தன. அவ்வாண்டு தொடங்கிய மத்திய அரசின் ஃபேம் திட்டம் இவற்றுக்கும் சலுகை அளித்தது. 2017-இல் அச்சலுகை விலக்கப்பட்டது. ஆகவே ‘ஹைபிரிட்’ என்ற பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து ஏமாறலாகாது.

மின்சாரத்தில் மட்டும் ஓட்டுவதற்கென ஒரு பொத்தான் பல கார்களில் உண்டு. அதை அழுத்தினால் பெட்ரோல் மிச்சமாகும் என்று நம்புவோர் பலர். மின்கலத்தில் பயன்படும் ஆற்றல் இரண்டு மூன்று கிலோமீட்டருக்குத்தான் போதும். அந்த மின்சாரமும் வானத்திலிருந்து வந்ததன்று. பெரும்பாலும் பெட்ரோலிலிருந்து வந்ததே. தீர்ந்த மின்கலத்தை நிரப்ப எஞ்சின் மறுபடி உழைக்கவேண்டும். ஒவ்வொரு மாற்றத்திலும் இழப்பு. நள்ளிரவில் தெருவார் தூக்கத்தைக் கெடுக்காமல் புறப்பட உதவும் என்பதைத் தவிர, இதனால் பெரும்பயன் இல்லை.

மெதுவாகச் செல்லும்போது கார் எழுப்பும் ‘ஊ’ என்னும் செயற்கை ஒலியைப் பலர் வெறுக்கின்றனர். மோட்டாரில் ஓடும் கார் ஓசையின்றி வரும். கம்பம் கடைவீதியில் பார்வையற்ற ஒருவர் அதை எவ்வாறு அறிவார்? ஐரோப்பாவில் 2019 முதல் புதிய வகைக் கார்களுக்கு, மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் வரை இவ்வொலி கட்டாயமாக்கப்பட்டது. காருக்குள் இருப்பவருக்குத் தொல்லை. வெளியே நடப்பவருக்குத் துணை.

விலையுயர்ந்த ஹைபிரிட் கார்களில், சாலையின் வெள்ளைக் கோட்டைக் கேமரா கண்காணித்து, கார் விலகினால் ஸ்டியரிங்கைத் திருப்பும் அமைப்பு இருக்கிறது. சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் இடையே ஓரமாக நிற்கும் டிராக்டரைத் தாண்டக் கோட்டைக் கடந்தால், ஸ்டியரிங் நம் கைக்கு எதிராக இழுக்கும். காரின் குற்றம் அன்று அது. விலகுவதற்குமுன் இண்டிகேட்டரைப் போட்டால் பெரும்பாலான கார்கள் இழுப்பதில்லை. கோடே அழிந்துபோன சாலைகளில் இதை அணைத்துவைப்பது நல்லது.

இதற்கு மாறாக, குளிர்சாதனத்தைக் கூட்டிக் குறைக்கத் தொடுதிரையைத் தேடவைக்கும் ஏற்பாட்டுக்கு இயற்பியலில் எந்த நியாயமும் இல்லை. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண்ணைச் சாலையிலிருந்து எடுத்தால் கார் ஏறத்தாழ 17 மீட்டர் கடந்துவிடும். மலைப்பாதையில் அது மிகப் பெரிய தூரம். பழைய திருகு குமிழைக் கண் பார்க்கவேண்டியதில்லை, கை அறியும்.

எனவே எந்த அமைப்பைக் கண்டாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது ஆற்றலைச் சேமிக்கிறதா? உயிரைக் காக்கிறதா? வேண்டாதபோது எளிதில் அணைக்க முடிகிறதா? மூன்றுக்கும் ‘இல்லை’ என்பது விடையானால் அது வெறும் அலங்காரம்.

இறுதியாக ஒன்று. பெட்ரோல் மிச்சம் என்று கருதி மலையிறக்கத்தில் நியூட்ரலில் இறங்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஹைபிரிட் காரில் இது இரட்டை நட்டம்: மின்கலமும் நிரம்பாது, எஞ்சினும் காரை அடக்காது, நாம் கணக்கிட்ட வெப்பத்தின் பெரும்பகுதி பிரேக்கின் தலையில் விழும். குமுளி மலைப்பாதையானாலும் போடிமெட்டானாலும், ‘பி’ நிலையில் எஞ்சின் உறும இறங்குங்கள். அந்த இரைச்சலுக்கு ஒரு துளி பெட்ரோலும் செலவாவதில்லை.