மணம் பிடித்து வரும் பழ ஈ

வைகாசி பிறந்து கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டால் நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கத்து வளவுகளில் மாம்பழ மணம் கமழும். நன்கு கனிந்த கறுத்தக்கொழும்பான் ஒன்றை ஆசையோடு அறுக்கிறோம். தோலிலே ஊசி குத்தியது போன்ற சிறு புள்ளியன்றி வேறு குறை காணோம். உள்ளேயோ வெண்புழுக்கள் நெளிகின்றன! பழம் குப்பைக்குப் போகிறது; காத்திருந்த பிள்ளைகளின் முகம் வாடுகிறது. இது பழ ஈயின் வேலை.

கனியின் மணத்தை நாம் மட்டுமா அறிகிறோம்? ஈக்குத் தலையிலுள்ள உணர்கொம்புகளே மூக்கு. காற்றிலே மிதந்து வரும் மணத்தைப் பற்றிக்கொண்டு, காற்றுக்கு எதிராகப் பறந்து, பெண் ஈ மரத்தை அடைகிறது. கூரிய பின்னுறுப்பால் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடுகிறது. இரண்டொரு நாளில் புழு வெளிப்படும்.

ஆண் ஈயின் கதை இதனினும் விந்தையானது. பீகாரிலுள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹௌலெட் என்னும் பூச்சியியல் அறிஞர் அதனை 1912இல் எழுதிவைத்தார். அவருடைய அயலவர் ஒருவர் நுளம்பை விரட்ட எண்ணிச் சிட்ரோனெல்லா எண்ணெயைப் பயன்படுத்தினார். நுளம்பு போயிற்றோ இல்லையோ, பழ ஈக்கள் கூட்டமாக வந்து மொய்த்தன. வந்தவை ஆண் ஈக்கள்! (அந்நாளில் தென்னிலங்கையிலிருந்து ஏராளமாகக் கப்பலேறிய சரக்கு இவ்வெண்ணெய் என்பதை இங்கே சொல்லாதிருக்க முடியவில்லை.) அவற்றை இழுத்த பொருள் மெதைல் யூஜினோல் என்பது 1915இல் தெளிவாயிற்று. நம் முற்றத்துத் துளசியிலும் அது உண்டு.

ஆண் ஈ இப்பொருளை விரும்பி உண்கிறது. உண்டது உடலினுள்ளே மாற்றமடைந்து, பின்குடலை அடுத்த சுரப்பியிலே சேர்கிறது. பொழுது சாயும் வேளையில் அதனை மணமாக வெளியிட, பெண் ஈ நாடி வருகிறது. இம்மணம் பெற்ற ஆணுக்கே துணை எளிதிற் கிடைக்கிறதென்று ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். மனிதர் அத்தர் பூசிக்கொள்வதை இனி நாம் எள்ளி நகையாட வேண்டியதில்லை!

இந்த மோகத்தையே ஈக்குப் பொறியாக்கலாம். மெதைல் யூஜினோலும் பூச்சிகொல்லியும் தோய்த்த பஞ்சைத் துளையிட்ட போத்தலினுள்ளே தொங்கவிட்டால் ஆண் ஈக்கள் வந்து மடியும். பசிபிக் சமுத்திரத்து ரோட்டாத் தீவில், 1962–63இல், இவ்விரண்டும் ஊறிய சிறு பலகைத் துண்டுகளை விமானத்திலிருந்து தூவிப் பழ ஈயை அடியோடு ஒழித்தனர்.

ஆனால் ரோட்டா சின்னஞ்சிறு தீவு. முழுத் தீவிலும் ஒருங்கே வேலை நடந்தது. இங்கோ, ஒரு வளவில் பொறி தொங்க, அடுத்த நாலு வளவுகளிலும் ஒன்றுமில்லாவிடில் பயன் சொற்பமே. ஓர் ஆண் பல பெண்களோடு கூடும். தப்பிய சில ஆண்களே போதும். ஏற்கெனவே முட்டை சுமந்த பெண்ணோ பொறியைத் திரும்பியும் பாராது, பழத்தையே நாடும். அயலார் கூடிச் செய்வதே தக்கது. முற்றிய காய்களுக்குக் கடதாசிப் பை கட்டினால் அப்பெண்ணும் ஏமாறும்.

போத்தலில் விழுந்த ஈக்களை எண்ணி மகிழும் வளவுக்காரர் பலர், மரத்தடியில் அழுகிக் கிடக்கும் பழத்தைப் பார்ப்பதில்லை. அதிலுள்ள புழு மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாகி, சில நாட்களில் புதிய ஈயாய் எழும். விழுந்த பழத்தை அன்றன்றே பொறுக்கி, இரண்டடி ஆழக் குழியில் இட்டு, மண்ணை நன்றாக மிதித்து மூடிவிட வேண்டும்.