காப்புச் சர்வரை எங்கே நிறுத்துவது?

புனே நகரின் சிவாஜி நகர்ப் பகுதியில் இந்திய வானிலை இலாகாவின் பழைய கட்டடம் ஒன்று உண்டு. 1928ஆம் ஆண்டில் இலாகாவின் தலைமை அலுவலகம் சிம்லாவிலிருந்து இந்நகருக்குப் பெயர்ந்தது. 1944இல் அது டில்லிக்குச் சென்றுவிட்ட பின்னரும், நகர மக்கள் அவ்விடத்தைச் ‘சிம்லா ஆபீஸ்’ என்றே வழங்கி வருகின்றனர். இலாகாவின் தேசியத் தரவு மையம் புனேயில்தான் இயங்குகிறது. 1875 முதற்கொண்டு எடுக்கப்பட்ட மழை, வெப்பம், காற்றழுத்தம் ஆகியவற்றின் கணக்குகள் அதன் பொறுப்பில் உள்ளன. 1899ஆம் ஆண்டில் மழை பொய்த்தபோது எடுத்த அளவுகள் அழிந்தால், அவற்றை மறுபடி எடுக்க வழியில்லை. ஆகவே நகல் வேண்டும் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அந்நகலைத் தாங்கும் சர்வரை எங்கே நிறுத்துவது என்பதிலேதான் அலுவலகங்கள் தடுமாறுகின்றன.

பெரும்பாலோர் அதனை மூலச் சர்வருக்கு அருகிலேயே வைத்துவிடுகின்றனர். இதற்குக் காரணம் இல்லாமலில்லை. வினாடிக்கு 1 ஜிகாபிட் செல்லும் உள் வலைப்பின்னலில் 1 டெராபைட் தரவை நகலெடுக்க ஏறத்தாழ இரண்டே கால் மணி நேரம் போதும். 100 மெகாபிட் வெளி இணைப்பிலோ அதற்கு 22 மணி நேரம் செல்லும். எனினும், ஒரே அறையில் தீ மூண்டால் மூலமும் நகலும் சேர்ந்தே எரியும். 2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் தேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் தீ மூண்டது. மின்தடைக் காலத்தில் உதவுவதற்கென வைத்திருந்த மின்கலங்களிலிருந்தே அத்தீ எழுந்தது. அரசு ஊழியர் கோப்புகளைச் சேமித்து வந்த பொதுக் களஞ்சியம் ஒன்றில் 858 டெராபைட் அழிந்தது. அதற்கு வெளியிடத்தில் நகல் இருக்கவில்லை.

அடுத்த கட்டடத்தில் வைத்தால் போதுமா? இதற்குப் புனே நகரின் வரலாறே விடை கூறும். 1961 ஜூலை 12 அன்று, முற்றும் கட்டி முடியாதிருந்த பான்ஷெத் அணை உடைந்தது. அதன் வெள்ளத்தால் கீழேயிருந்த கடக்வாஸ்லா அணையும் உடைந்தது. முட்டா ஆற்றங்கரைப் பேட்டைகள் நீரில் மூழ்கின. அன்று ஒரே கரையில் நின்ற இரு கட்டடங்களுக்கும் நேர்ந்த கதி ஒன்றே. எத்தனை கிலோமீட்டர் என்பதைவிட, ஒரே விபத்து இரண்டையும் எட்டுமா என்பதே கேட்க வேண்டிய வினா. தேசியத் தகவலியல் மையத்தின் பெரிய தரவு மையங்கள் டில்லி, ஹைதராபாத், புனே, புவனேசுவரம் ஆகிய நகரங்களில் உள்ளன. ஒரே வெள்ளம் இவை அனைத்தையும் தொடாது.

சிறிய அலுவலகத்திற்கு இரு நகல்களே உகந்தவை. ஒன்று, அதே கட்டடத்தின் மேல்தளத்தில், வேறு மின்வழியில் இருக்கலாம். அன்றாடப் பழுதுகளுக்கு அதிலிருந்து விரைவில் மீட்கலாம். மற்றொன்று வேறு ஊரிலுள்ள கிளை அலுவலகத்தில் இருத்தல் வேண்டும். முதல் நகலை ஹார்ட் டிஸ்கில் எடுத்துச் சென்று சேர்த்துவிட்டால், பின்னர் இரவுதோறும் மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பலாம். அப்போது இணைப்பின் வேகம் பெருந்தடையாகாது.

இடத்தை மட்டும் பிரித்தால் போதாது. இரு சர்வர்களுக்கும் ஒரே கடவுச்சொல் இருந்தால், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு நிரல் இரண்டையும் பூட்டிவிடும். எனவே காப்புச் சர்வரை வலைப்பின்னலின் தனிப் பிரிவில் வைத்து, அதுவே மூலத்திலிருந்து நகலை இழுத்துக்கொள்ளுமாறு அமைத்தல் நன்று. மூலச் சர்வருக்கு அதில் எழுதும் உரிமை இருக்கலாகாது.

ஒரே கணினியுள்ள பள்ளிக்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை. வாரம் ஒருமுறை வெளி டிஸ்கில் நகலெடுத்து, கணினியிலிருந்து கழற்றி, வேறு கட்டடத்துப் பீரோவில் பூட்டி வைக்கலாம். அதில் மாணவர் விவரங்கள் இருக்குமாதலின் டிஸ்கைக் கடவுச்சொல்லால் மறையாக்கம் செய்ய வேண்டும். அக்கடவுச்சொல்லைத் தாளில் எழுதி டிஸ்கின் மேலேயே ஒட்டி வைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு!